பூவுக்கு டிக்கெட் இல்லை

பட்டாம்பூச்சிக்கு முப்பது ரூபாய்.
கேமராவுக்கு ஐம்பது.
பூ பார்க்க வந்தோம் என்றேன்.
செங்கல்ராயுலு சீட்டுக்கட்டை ஒருமுறை புரட்டினார்,
பூவுக்கென்று ஒரு தாளாவது இருக்குமா என்று.
"பூவுக்கு டிக்கெட் லேது சார்.
சும்மாவே பாத்துக்கோங்க."

நாகலாபுரம் மலையடி. பங்குனி பதினேழு.
காலை ஏழரைக்கே பாறையில் கைவைக்க முடியவில்லை.

கணக்கெடுப்பில் நாங்கள் ஒன்பதாவது அணி:
ரெபேக்காவுக்குப் பூச்சி, எனக்குப் பூ.
அவள் பள்ளிப்பட்டு தபாலாபீசில் முத்திரை குத்துகிறவள்,
அதே வேகத்தில் எண்ணுகிறாள்:
கொன்னை வெள்ளையன் நாற்பது, வெந்தய வரியன் ஆறு,
அதோ இன்னொன்று, ஏழு.
நான் எல்லைச் சாவடிக்கு இந்தப் பக்கம்
எடைமேடையில் கணக்கெழுதுகிறவன்.
லாரி ஏறினால் எண் வரும்.
இங்கே எதுவும் ஏறவில்லை.
தாளில் பதினொரு பெயர், எதிரே பதினொரு வெற்றுக் கட்டம்.

புரசு உதிர்ந்துவிட்டிருந்தது.
கீழே கிடப்பதைச் சேர்க்கக் கூடாதென்று
விதிமுறை மூன்றில் இருக்கிறது.
வெட்பாலையில் இலையே இல்லை.
கொன்றை இன்னும் மொட்டுக்கு வரவில்லை.
"மாசியில ஒரு மழை வரணும். வரலே"
என்றார் செங்கல்ராயுலு,
தான்தான் அனுப்ப மறந்துவிட்டதைப் போல.

ஓடைப் பள்ளத்தில் ஒரு மஞ்சளைக் கண்டு
முள்ளில் சட்டை கிழிய இறங்கினேன்.
முறுக்குப் பாக்கெட்டின் உறை.
ரெபேக்கா சிரிக்கவில்லை.
அதுதான் கஷ்டமாயிருந்தது.

பூவில்லாத காட்டில் இத்தனையும்
எதைத் தின்று பறக்கின்றன?
கேட்கவில்லை. கேட்டால் அவளுக்குப் பதில் தெரிந்திருக்கும்.
எருமைச் சாணத்தில் மொய்த்தன.
டிபன் டப்பா கழுவிய ஈரத்தில் மொய்த்தன.
செங்கல்ராயுலு கழற்றி வைத்த தொப்பியின்
வியர்வை விளிம்பில்
நகத்தளவு நீலம் ஒன்று குழல் நீட்டி நின்றது.
போன வாரம்தான் திருமலைக்குக் கொடுத்துவிட்டு வந்த தலை.
அது எழும்வரை
அவர் வெயிலிலேயே நின்றார்.

வளைவு தாண்டியதும் முதலில் கேட்டது சத்தம்.

கிலுகிலுப்பை.
முழங்கால் உயரம். தையிலேயே பூத்து முடித்து,
கருகி, இலை சுருண்டு,
காய்க்குள் விதை தனியே கழன்று
காற்றுக்கெல்லாம் பேசிக்கொண்டிருந்த புதர்.
அதன்மேல் குச்சி தெரியாமல் நீல வரியன்கள்.
எண்ணூறா, ஆயிரமா.
ரெபேக்கா எண்ணுவதை நிறுத்திப்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

காய்ந்த தண்டைக் காலால் சுரண்டுகின்றன.
சுரண்டிய இடத்தில் குழலை வைக்கின்றன.
ஒன்றை ஒன்று தள்ளிவிட்டு, மறுபடி சுரண்டுகின்றன.

"எல்லாம் ஆண்" என்றாள் மெல்ல.
"பெண்ணிடம் போகிறதுக்கு முன்னாடி
இந்தக் கசப்பு உடம்பில் ஏறணும்.
செத்த தண்டில்தான் இப்படிக் கிடைக்கும்."

படிவத்தைப் பார்த்தேன்.
பூத்துள்ளதா? ஆம் அல்லது இல்லை.
இல்லை என்று எழுதினால் பொய் போலிருந்தது.
ஆம் என்றால் பொய்யேதான்.
பேனாவைத் திறந்தபடி நின்றேன்,
லாரி பாதி ஏறி நிற்கும்போது
முள் ஆடுமே, அப்படி.

"கிலிகிச்ச" என்று தன் பெயரைச் சொல்லிச்
செங்கல்ராயுலு குனிந்து ஒரு காயைக் கிள்ளி
என் சட்டைப்பையில் போட்டார்.
அதற்கு விதிமுறை எத்தனையோ, நான் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம்.
ரெபேக்கா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள்,
காதில் பென்சிலோடு.
சத்தியவேடு தாண்டி ரோடு போடுகிறார்கள்.
பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம்
நெஞ்சுப் பக்கம் ஏதோ கிலுகிலுத்தது.

கண்டக்டர் நின்று என் பையையே பார்த்தார்:
"அவ்வளவு சில்லறைய வெச்சிக்கினு
நூறு ரூபாய நீட்டறீங்களே சார்."